பேஷண்ட் பக்கத்துலயே இருந்து மேல படிக்கணுமா? நர்சுகளுக்கு ஒரு வழி

ஐசியூவுலயோ வார்டுலயோ ரெண்டு மூணு வருஷம் வேலை பாத்ததும் அடுத்து என்ன படிக்கலாம்னு யோசனை வந்துடும், யாரைக் கேட்டாலும் எம்.எஸ்சி. நர்சிங் போடுன்னுதான் சொல்லுவாங்க. நல்ல படிப்புதான். ஆனா ஃபார்ம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை முடிவு பண்ணிக்கங்க, படிச்சு முடிச்சப்புறம் நீங்க பேஷண்ட் கிட்ட நிக்கணுமா, கிளாஸ்ல நிக்கணுமா? நம்ம ஊர்ல எம்.எஸ்சி. முடிச்ச நிறைய பேர் நேரா நர்சிங் காலேஜுக்கு பாடம் எடுக்கப் போயிடுறாங்க, அதுல தப்பே இல்ல, நல்ல டீச்சர் கண்டிப்பா வேணும். ஆனா வென்டிலேட்டர் அலாரம் அடிச்சா ஏன் அடிக்குதுன்னு உடனே பிடிக்கணும், பிபி இறங்குறதுக்கு முன்னாடியே இந்த பேஷண்ட் மோசமாகப் போறாருன்னு சொல்லத் தெரியணும், அந்த மாதிரி வளரணும்னு ஆசைப்படுறவங்களுக்கு வேற வழிகளும் இருக்கு, அதைப் பத்தி யாரும் சரியா சொல்றதில்லங்கிறதுதான் என் வருத்தம்.

முதல்ல எம்.எஸ்சி.யவே பாப்போம். ரெண்டு வருஷம், முழுநேரம். பி.எஸ்சி. நர்சிங் இல்லாட்டி போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடிச்சு 55 சதவீதம் எடுத்திருக்கணும், நர்சிங் கவுன்சில்ல ரிஜிஸ்டர் ஆகியிருக்கணும், குறைஞ்சது ஒரு வருஷம் வேலை அனுபவம் வேணும். எஸ்சி, எஸ்டி பிரிவுக்கு மார்க்குல 5 சதவீதம் தளர்வு உண்டு. ஜிஎன்எம்ங்கிற நர்சிங் டிப்ளமோ மட்டும் முடிச்சவங்க நேரா சேர முடியாது, போஸ்ட் பேசிக் ரெண்டு வருஷம் படிச்சுட்டுத்தான் வரணும். முதல் வருஷத்துல நர்சிங் எஜுகேஷன், அட்வான்ஸ்டு நர்சிங் பிராக்டிஸ், ரிசர்ச் அண்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அப்புறம் உங்க ஸ்பெஷாலிட்டியோட முதல் பாகம். ரெண்டாம் வருஷம் மேனேஜ்மென்ட், ஸ்பெஷாலிட்டியோட ரெண்டாம் பாகம், கூடவே டிசர்டேஷன், அதாவது ஆய்வு பண்ணி எழுதுற ஆய்வேடு. மெடிக்கல் சர்ஜிக்கல், சைல்டு ஹெல்த், ஓபிஜி (பிரசவம், மகளிர் நலம்), சைக்கியாட்ரி, கம்யூனிட்டின்னு அஞ்சு பிரிவு. மெடிக்கல் சர்ஜிக்கல் எடுத்தா அதுக்குள்ள கார்டியோ தொராசிக், கிரிட்டிக்கல் கேர், ஆன்காலஜி, நியூரோ, நெஃப்ரோ யூராலஜின்னு இன்னும் பிரியும், உங்க காலேஜ் எதை நடத்துதுன்னு கேக்காம சேர்ந்துட்டு அப்புறம் எனக்கு ஆன்காலஜிதான் வேணும்னா கிடைக்காது.

இப்ப பலருக்குத் தெரியாத படிப்புக்கு வரேன். நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர், சுருக்கமா என்பிசிசி. இதுவும் ரெண்டு வருஷ பிஜிதான், ஆனா ரெசிடென்சி முறை. தியரி சுமார் 20 சதவீதம்தான், மீதி 80 சதவீதமும் கிளினிக்கல். அதாவது ரெண்டு வருஷமும் ஐசியூவுக்குள்ளயே இருந்து, பிரிசெப்டர், அதாவது பக்கத்துல நின்னு வழிகாட்டுற அனுபவசாலி, அவர் கூட நின்னு கத்துக்கறது. பாடத்துல அட்வான்ஸ்டு பேத்தோஃபிசியாலஜி, அட்வான்ஸ்டு ஃபார்மகாலஜி, அட்வான்ஸ்டு ஃபிசிக்கல் அசெஸ்மென்ட்னு மூணு பேப்பர் இருக்கு, என்னைக் கேட்டா இந்த மூணுக்காகவே சேரலாம். நாம பி.எஸ்சி.ல ஆஸ்கல்டேஷன் (ஸ்டெத் வச்சு இதயம், நுரையீரல் சத்தம் கேக்கறது) படிச்சிருப்போம், ஆனா வார்டுல ஸ்டெத்தை பிபி பாக்கத்தான் எடுப்போம். இங்க தலையில இருந்து கால் வரைக்கும் நீங்களே எக்ஸாமின் பண்ணி, ஏபிஜிங்கிற ரத்த வாயு டெஸ்டைப் பாத்து, எக்ஸ்ரே பாத்து, இதனாலதான் இப்படி ஆகுதுன்னு ரவுண்ட்ஸ்ல சொல்லணும். சேர பி.எஸ்சி. நர்சிங், 55 சதவீதம், ஒரு வருஷ அனுபவம், அது ஐசியூ அனுபவமா இருந்தா நல்லது. ஒண்ணு மட்டும் தெளிவா புரிஞ்சுக்கங்க, இதை முடிச்சா டாக்டர் மாதிரி சொந்தமா பிரிஸ்கிரிப்ஷன் எழுதிடலாம்னு சிலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, ஆஸ்பத்திரி போட்டிருக்கிற புரோட்டோகால், ஸ்டாண்டிங் ஆர்டர்னு முன்கூட்டியே எழுதி வச்ச உத்தரவுகளுக்குள்ளதான் மருந்து விஷயம் வரும்.

ரெண்டு வருஷம் வேலையை விட முடியாது, வீட்டுல சம்பளம் வேணும்ங்கிறவங்களுக்கு ஒரு வருஷ போஸ்ட் பேசிக் ஸ்பெஷாலிட்டி டிப்ளமோ இருக்கு. கிரிட்டிக்கல் கேர், எமர்ஜென்சி, ஆன்காலஜி, நியோனேட்டல், ரீனல் (கிட்னி), ஆபரேஷன் தியேட்டர்னு நிறைய வகை. ஜிஎன்எம் முடிச்சவங்களும் சேரலாம், இது பெரிய விஷயம். இது பிஜி டிகிரி இல்ல, உண்மைதான், ஆனா டயாலிசிஸ் யூனிட்ல வேலை பாக்கிற ஒரு சிஸ்டருக்கு மேனேஜ்மென்ட் பேப்பரை விட ரீனல் டிப்ளமோ நாளைக்கே கை கொடுக்கும். பிரசவ வார்டுல ஆர்வம் இருந்தா நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரின்னு 18 மாச படிப்பும் வந்திருக்கு.

எங்க படிக்கிறதுன்னு வந்தா, தமிழ்நாட்டுல காலேஜ்கள் பெரும்பாலும் டாக்டர் எம்ஜிஆர் மெடிக்கல் யுனிவர்சிட்டிக்குக் கீழதான் வரும், சில டீம்டு யுனிவர்சிட்டிகள் தனி. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ், மதுரை மெடிக்கல் காலேஜ் மாதிரி அரசு இடங்கள்ல ஃபீஸ் ரொம்பக் கம்மி, சேர்க்கை கீழ்ப்பாக்கத்துல இருக்கிற தேர்வுக்குழு வழியா, நோட்டிபிகேஷனை அவங்க வெப்சைட்லயே பாருங்க, வாட்ஸ்அப்ல வர்ற தேதியை நம்பாதீங்க. வேலூர் சிஎம்சி, பாண்டிச்சேரி ஜிப்மர், சைக்கியாட்ரின்னா பெங்களூர் நிம்ஹான்ஸ், இதெல்லாம் தனித்தனி அப்ளிகேஷன். டெல்லி எய்ம்ஸ் எழுதணும்னா மார்க் 60 சதவீதம் கேப்பாங்க, அந்த எக்ஸாமுக்கு பி.எஸ்சி. நாலு வருஷ பாடத்தையும் திரும்பப் படிக்கணும், டியூட்டியோட படிக்கிறவங்க ஆறு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. தினம் வார்டுல பாத்த ஒரு கேஸை எடுத்து, அந்த நோயோட ஃபிசியாலஜில இருந்து மருந்து வரைக்கும் அன்னைக்கே புரட்டிட்டா தனியா உக்காந்து மனப்பாடம் பண்றதை விட நல்லா நிக்கும்.

காலேஜ் பில்டிங்கைப் பாத்து மயங்காதீங்க, கூட எந்த ஆஸ்பத்திரி இருக்குன்னு பாருங்க. நேர்ல போய் அங்க படிக்கிற சீனியர் ரெண்டு பேரைப் பிடிச்சு கேளுங்க. ஐசியூ எத்தனை பெட், அதுல நிஜமா பேஷண்ட் இருக்காங்களா, போஸ்டிங்ல நீங்க பேஷண்ட் எடுத்துப் பாப்பீங்களா இல்ல பி.எஸ்சி. பசங்களை மேய்க்கத்தான் அனுப்புவாங்களா, நைட் போஸ்டிங் உண்டா, ஸ்டைபண்ட் குடுப்பாங்களா, கைடுக்கு அந்த ஸ்பெஷாலிட்டில வேலை பாத்த அனுபவம் இருக்கா. இதுல பாதிக்கு மேல பதில் மழுப்பலா வந்தா வேற இடம் பாருங்க.

கிளாசுக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும், அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்னு புரோக்கர் ஃபோன் பண்ணுவான். வேலையும் போகாது டிகிரியும் கிடைக்கும்னு ஆசையாத்தான் இருக்கும். போகாதீங்க. ஒரே நேரத்துல டியூட்டி ரெஜிஸ்டர்லயும் காலேஜ் அட்டெண்டன்ஸ்லயும் உங்க பேர் இருந்தா பின்னாடி வெரிஃபிகேஷன்ல மாட்டுவீங்க, டிகிரியும் அனுபவமும் ரெண்டுமே சந்தேகத்துக்கு வந்துடும். அதை விட முக்கியம், படிக்காம வாங்குன டிகிரியோட நீங்க இன்சார்ஜா நிக்கும்போது உங்களை நம்பி படுத்திருக்கிறது ஒரு உயிர். அதே மாதிரி எம்.எஸ்சி. நர்சிங் தபால்ல முடிக்கலாம்னு யாராவது சொன்னாலும் கிட்ட போகாதீங்க.

பேப்பர் வேலையை இப்பவே ஆரம்பிங்க. தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல உங்க ரினியூவல் தேதி தாண்டிடுச்சான்னு பாருங்க. வேற யுனிவர்சிட்டில பி.எஸ்சி. முடிச்சிருந்தா எம்ஜிஆர் யுனிவர்சிட்டில எலிஜிபிலிட்டி சர்டிபிகேட் வாங்கணும், அதுக்கு நாள் ஆகும். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்ல சேர்ந்த தேதி, விலகின தேதி, எந்த யூனிட்ல வேலை பாத்தீங்க, ஆஸ்பத்திரி எத்தனை பெட், எல்லாம் இருக்கட்டும், சும்மா ஸ்டாஃப் நர்சா இருந்தாங்கன்னு ஒரு வரி போட்டா ஐசியூ அனுபவத்தைக் காட்ட முடியாது. சில தனியார் ஆஸ்பத்திரியில பாண்டு போட்டு ஒரிஜினலை வாங்கி வச்சிருப்பாங்க, கவுன்சிலிங்குக்கு முதல் நாள் போய் கேட்டா தர மாட்டாங்க, அதனால ரிசைன் நோட்டீஸ் பீரியடைக் கணக்குப் பண்ணி முன்னாடியே எழுத்துல குடுத்து வச்சுடுங்க. அரசு வேலையில இருக்கிறவங்க என்ஓசி (ஆட்சேபனை இல்லைங்கிற கடிதம்) வாங்காம அப்ளை பண்ணாதீங்க.

டிசர்டேஷனை நினைச்சுத்தான் நிறைய பேர் பயப்படுறாங்க. பழைய புக்கைப் பாத்து ஏதோ ஒரு ஊர்ல ஜனங்களுக்கு என்ன தெரியும்னு பாக்குற நாலெட்ஜ் ஸ்டடின்னு கொஸ்டினேர் குடுத்து முடிக்கிறது சுலபம்தான், ஆனா அதனால எந்த பேஷண்டுக்கும் ஒண்ணும் மாறப்போறதில்ல. சேர்றதுக்கு முன்னாடியே உங்க வார்டுல உங்களை உறுத்துற ஒரு விஷயத்தைக் குறிச்சு வைங்க. ஐவி போட்ட எடம் ஏன் இவ்வளவு சீக்கிரம் வீங்குது, பெட்சோர் (படுக்கைப் புண்) எந்த ஷிஃப்ட்ல கவனிக்காம விட்டுப்போகுது, ஷிஃப்ட் மாத்தும்போது ஹேண்டிங் ஓவர்ல எது விட்டுப்போகுது, இப்படி. அதுல இருந்து வர்ற தலைப்புக்கு நீங்களே உயிரைக் குடுத்து உழைப்பீங்க. எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்க நேரம் விட்டு வைங்க, பேஷண்டுக்கு ஏதாவது இன்டர்வென்ஷன் குடுக்கிற ஸ்டடின்னா சிடிஆர்ஐங்கிற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டுல முதல் பேஷண்டை எடுக்கிறதுக்கு முன்னாடியே ரிஜிஸ்டர் பண்ணணும், 2018 ஏப்ரல்ல இருந்து பின்னாடி போய் பதிய விட மாட்டாங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆளை டேட்டா எல்லாம் எடுத்து முடிச்சப்புறம் தேடாதீங்க, எத்தனை பேரை எடுக்கணும்னு கணக்குப் போடும்போதே போய் உக்காருங்க.

வெளிநாட்டுக் கனவு இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டன்ல அட்வான்ஸ்டு பிராக்டிஸ்னா கிளினிக்கல், லீடர்ஷிப், எஜுகேஷன், ரிசர்ச்னு நாலு தூண் வச்சு மாஸ்டர்ஸ் லெவல்ல படிக்க வைப்பாங்க, மருந்து எழுதுற தகுதி அங்க தனியா படிச்சு வாங்கணும். நம்ம என்பிசிசி முடிச்சதாலயே அங்க அந்தப் பதவி கிடைச்சுடாது, ஆனா ஐசியூவுல ரெண்டு வருஷம் அப்படி உழைச்ச லாக்புக்கை பத்திரமா வச்சுக்கங்க, இன்டர்வியூல பேச நிறைய இருக்கும்.

ரிசல்ட் வந்ததும் கவுன்சில்ல அடிஷனல் குவாலிஃபிகேஷன் பதிவு பண்ணிடுங்க, தள்ளிப்போட வேண்டாம். பழைய ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போறதா இருந்தா, சம்பளம் பேசும்போதே உங்க வேலை என்னன்னு எழுத்துல கேளுங்க, ரவுண்ட்ஸ்ல கலந்துக்கறது, புது ஸ்டாஃபுக்கு பெட்சைட்ல கத்துக் குடுக்கறது, புரோட்டோகால் எழுதுறது இதெல்லாம் அதுல வரணும். சூப்பர்வைசர்னு பேரு குடுத்து டியூட்டி ரோஸ்டர் போட உக்கார வைக்கப் பாத்தாங்கன்னா, வாரத்துல இத்தனை மணி நேரம் நான் பேஷண்ட் பாக்கணும்னு அங்கயே சொல்லிடுங்க.