டெல்லி அடிமை வம்சம்: வாரிசு வரிசையில் நாம் செய்யும் தவறுகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால் ஐபக், இல்துமிஷ், ரஸியா, பால்பன் என்று நான்கு பெயர்களும் நடுவே அம்புக்குறிகளும்தான் இருக்கும். 1206 முதல் 1290 வரை அந்த அரியணையில் அமர்ந்தவர்கள் பதினொரு பேர்.

அந்த அம்புக்குறியை அப்பன்-பிள்ளை உறவு என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. வம்சம் என்ற சொல் அப்படி நினைக்க வைக்கிறது. 1210-இல் லாகூரில் குதிரைமேல் பந்தாடும்போது விழுந்து ஐபக் இறந்தார். அவருக்குப் பின் ஆரம் ஷா சில மாதங்கள் ஆண்டார். அவரைத் தோற்கடித்து வந்த இல்துமிஷ், ஐபக்கின் மருமகன். பால்பனோ இல்துமிஷ் விலைக்கு வாங்கிய அடிமை. ஆக, ஒரே பெயருக்குள் மூன்று குடும்பங்கள். அடிமையாக இருந்து அரியணை ஏறியவர்களும் ஐபக், இல்துமிஷ், பால்பன் ஆகிய மூவரே. ரஸியாவோ சுல்தான் இல்துமிஷின் மகள். அவரை அடிமை அரசி என்று எழுதவே கூடாது.

ரஸியா இறந்தபின் பஹ்ராம் ஷா வந்தார் என்று எழுதுகிறார்கள். இதைக் கட்டாயம் திருத்திக்கொள்ளுங்கள். 1240-இல் பட்டிண்டாவில் ரஸியா சிறையில் இருக்கும்போதே பிரபுக்கள் டெல்லியில் அவருடைய தம்பி பஹ்ராமை அமர்த்திவிட்டார்கள். சிறைபிடித்த அல்தூனியாவையே மணந்து, படை திரட்டி வந்து தோற்ற பிறகுதான் ரஸியா கொல்லப்பட்டார். அவருக்கு முன்பு சுமார் ஆறு மாதம் ஆண்ட அண்ணன் ருக்னுதீன் ஃபிரோஸையும் விட்டுவிடாதீர்கள்.

நசிருதீன் மஹ்மூத் என்ற பெயரில் இரண்டு பேர் உண்டு. 1229-இல் வங்கத்தில் இறந்த இல்துமிஷின் மூத்த மகன் சுல்தான் ஆகவே இல்லை. டெல்லியில் சுல்தான் காரி என்ற கல்லறை அவருடையது. 1246 முதல் 1266 வரை ஆண்டவர், பால்பனின் மருமகன், வேறொருவர்.

ஆண்டில் ஒன்று கூடக் குறைய இருந்தால் பதற வேண்டாம். அக்கால வரலாற்று நூல்கள் ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டில் எழுதப்பட்டவை. அந்த ஆண்டுக்குச் சுமார் 354 நாள். அது பெரும்பாலும் நம் கணக்கில் இரண்டு ஆண்டுகளில் விழும்.

கடைசிக்கு முன்னால் வருவது கைகுபாத். பால்பனின் மூத்த மகன் முகம்மது 1285-இல் மங்கோலியரோடு போரிட்டு மாண்டார். முகம்மதின் மகன் கைகுஸ்ருவைத்தான் பால்பன் வாரிசாக்கினார். பிரபுக்கள் அதை ஒதுக்கிவிட்டு, இளைய மகன் புக்ரா கானின் பிள்ளை கைகுபாதை அமர்த்தினார்கள். அப்போது புக்ரா கான் வங்கத்தில் உயிரோடு இருந்தார். பின்னர் சரயு ஆற்றங்கரையில் இருவரும் சந்தித்தபோது, தந்தைதான் மகன் முன் பணிந்து நின்றார்.