ஹெட்போனில் கேட்டு ஓபரா குரலை எடை போடாதீர்கள்

"குரல் சின்னது." "உச்ச ஸ்வரத்தில் கோட்டை விட்டுவிட்டார்." "பாடகி மரியா காலஸ் காலத்தோடு எல்லாம் போச்சு." புதிய ஒலிப்பதிவோ மேடை வீடியோவோ வந்தால் போதும், பாட்டாலேயே கதை சொல்லும் மேற்கத்திய இசை நாடகமான ஓபராவின் ரசிகர்களிடம் இந்த மூன்று தீர்ப்புகளும் மறுநாளே தயார். சில சமயம் அவை சரியாகவும் இருக்கும். ஆனால் காதில் விழுவது எங்கிருந்து, எப்படி வந்தது என்று பார்க்காமலே பெரும்பாலும் சொல்லிவிடுகிறோம்.

குரல் பெரியதா சிறியதா என்று பதிவைக் கேட்டுச் சொல்வதுதான் இதில் பெரிய தவறு. மைக் வைத்த கச்சேரியிலேயே பழகிய நம் காதுக்கு இது சட்டென்று பிடிபடாது. ஓபரா அரங்கில் பாடகர் மைக் இல்லாமல்தான் பாடுவார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் (சுருக்கமாக 'மெட்') சுமார் 3,800 இருக்கைகள். நடுவே முழு ஆர்கெஸ்ட்ரா. அதைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போயாக வேண்டும். ஆர்கெஸ்ட்ராவின் ஓசை 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண் பக்கம் அடர்த்தியாக இருக்கும், அதற்கு மேலே போகப் போக மெலியும். தேர்ந்த பாடகரின் குரலில், முக்கியமாக ஆண் குரலில், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மை திரண்டு நிற்கும். ஆர்கெஸ்ட்ரா மெலிந்திருக்கும் அந்தச் சந்துக்குள் புகுந்துதான் குரல் அரங்கைக் கடக்கிறது. அதே கூர்மையைப் பக்கத்தில் வைத்த மைக்கில் கேட்டால் தகரத்தைத் தட்டுவது போலிருக்கும். மைக்கில் தேனாய் இழைகிற இன்னொரு குரல் அரங்கின் பாதித் தூரம்கூட வராமல் போகலாம். 2006 டிசம்பர் 30 அன்று மொஸார்ட்டின் 'மேஜிக் ஃப்ளூட்'டோடு மெட் தொடங்கிய சினிமா தியேட்டர் ஒளிபரப்புகளிலும் இதே கதைதான்; குரலுக்கும் வாத்தியத்துக்கும் உள்ள விகிதத்தை ஒலிப்பொறியாளர் முடிவு செய்கிறார். சுருதி, மூச்சு, உச்சரிப்பு, சொல்லுக்குள் இருக்கும் உணர்ச்சி பற்றியெல்லாம் வீடியோ பார்த்துத் தாராளமாகப் பேசலாம். குரலின் அளவை மட்டும் அரங்கில் உட்கார்ந்து கேட்டவர் சொல்லட்டும்.

ஸ்டூடியோ பதிவையும் ஒரு மாலை நேர மேடையையும் ஒரே தராசில் வைப்பது அடுத்தது. 1952இல் கண்டக்டர் (ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர்) ஃபுர்ட்வெங்லர் நடத்திய, வாக்னரின் 'டிரிஸ்டன்' ஓபராவின் பதிவில் நாயகி ஈசோல்டாகப் பாடியவர் ஃப்ளாக்ஸ்டாட். ஆனால் இரண்டாம் அங்கத்தின் உச்ச 'சி' ஸ்வரங்கள் அவருடையவை அல்ல, எலிசபெத் ஷ்வார்ஸ்கோஃப் என்ற இன்னொரு பாடகி பாடியவை. அதனால் அந்தப் பதிவின் மதிப்பு குறைந்துவிடவில்லை; எனக்கு அது இன்றும் உயிர். ஆனால் நான்கு மணி நேரம் நின்று தனியாகப் பாடி முடிக்கும் இன்றைய ஸோப்ரானோவை (உச்சப் பெண் குரல் பாடகியை) அதைக் காட்டி அடிப்பது நியாயமே இல்லை.

2022இல் ரோமில் கண்டக்டர் பப்பானோ நடத்திப் பதிவான, புச்சினியின் 'துராந்தோத்' ஓபரா இன்னொரு பாடம். அதில் முக்கியப் பாத்திரங்களைப் பாடிய ரத்வனோவ்ஸ்கி, காஃப்மன் இருவருமே அதுவரை அந்தப் பாத்திரங்களை ஓபரா மேடையில் நடித்துப் பாடியதில்லை. பதிவைக் கேட்டு அவர்களின் மேடைத் திறனை முடிவு கட்ட வழியில்லை. கடைசிக் காட்சி ஏன் இவ்வளவு நீள்கிறது என்று கண்டக்டரைக் குறை சொல்வதும் தவறு. புச்சினி 1924இல் முடிக்காமலே இறந்துபோக, மிச்சத்தை இசையமைப்பாளர் அல்ஃபானோ எழுதினார். அதைக் கண்டக்டர் டோஸ்கானினி வெட்டச் சொன்னார். அந்த வெட்டிய வடிவம்தான் நம் காதில் பதிந்திருக்கிறது. பப்பானோ எடுத்துக்கொண்டது வெட்டாத முதல் வடிவம். எந்தப் பதிப்பு, எங்கே வெட்டு என்று ஆல்பத்தோடு வரும் குறிப்பை ஐந்து நிமிடம் புரட்டினாலே தெரிந்துவிடும்.

ஒற்றை ஸ்வரத்துக்காகப் பாடகரைத் தூக்கிலிடுவதும் அப்படித்தான். 'இல் த்ரோவதோரே' ஓபராவில் 'தி குவெல்லா பிரா' என்ற பாட்டு முடியும்போது டெனர் (உச்ச ஆண் குரல் பாடகர்) போடும் உச்ச 'சி'யை, இசையமைத்த வெர்டி எழுதவே இல்லை. அது பின்னால் வந்த வழக்கம். 2000 டிசம்பரில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் கண்டக்டர் ரிக்கார்தோ மூதி அதை விலக்கியபோது மேல்மாடி ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். அந்தப் பாட்டை அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ இறக்கிப் பாடுகிற டெனர்களும் நிறைய உண்டு, அப்போது நாம் கொண்டாடும் 'சி' உண்மையில் 'சி'யே அல்ல. வெர்டியின் இன்னொரு ஓபரா 'ஐதா'வில் இதன் மறுபக்கம். 'செலஸ்தே ஐதா' என்ற டெனர் பாட்டின் கடைசி பி-ஃபிளாட் ஸ்வரத்தை மிக மென்மையாக, தேய்ந்து மறையும்படி பாடச் சொல்லி வெர்டி எழுதியிருக்கிறார். முழு பலத்தோடு முழங்குபவருக்குக் கைதட்டல் விழுகிறது, எழுதியபடி மெலிய விடுபவரைக் குரல் வற்றிவிட்டது என்கிறோம். ஸூபின் மேத்தா நடத்திய பதிவில் டெனர் கோரெல்லி அதே ஸ்வரத்தை முழுக்குரலில் பிடித்து, இழை இழையாகக் குறைத்துக்கொண்டே போவார். ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பழைய இசைத்தட்டுகளை வைத்துப் பொற்காலம் பேசும்போதும் கவனம் வேண்டும். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாடிய டெனர் கரூஸோ காலத்துத் தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதிவானவை அல்ல. கொஞ்சம் வேகமாக ஓட்டினால் சுருதி ஏறி, குரலின் அதிர்வும் விரைந்து, அவரிடம் இல்லாத ஒரு பளபளப்பு வந்துவிடும்.

தயாரிப்பு பிடிக்கவில்லையா, அதை டைரக்டரிடம் காட்டுங்கள். டைரக்டர் வைத்த படிக்கட்டுக்காகப் பாடியவரைக் கூச்சலிட்டு விரட்டாதீர்கள். டைரக்டர் விஷயத்திலும் கொஞ்சம் பொறுமை நல்லது. 1976இல் ஜெர்மனியின் பைரோய்த் விழாவில் டைரக்டர் பாட்ரிஸ் ஷெரோ, வாக்னரின் நான்கு ஓபராத் தொடரான 'ரிங்'கில் ரைன் நதிக்குப் பதில் ஒரு நீர்மின் அணையை மேடையில் நிறுத்தியபோது விசிலும் கூச்சலும் பறந்தன. 1980இல் அந்த 'ரிங்' கடைசி முறையாக முடிந்தபோது, அதே அரங்கில் கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை.