மறுக்கப்பட்ட பென்ஷனைத் திரும்பப் பெற்ற கதை

17 ஆண்டுகள் ராணுவத்தில் பணியாற்றிய எனக்கு, உயர் ரத்த அழுத்தம் பணியால் வந்ததல்ல என்ற ஒற்றை வரியுடன் டிசெபிலிட்டி பென்ஷன், அதாவது பணியால் வந்த உடல்நலக் குறைபாட்டுக்கான ஓய்வூதியம், மறுக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, வேறு வழி தெரியாமல்தான் முன்னாள் படைவீரர்களுக்கான இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அங்கே தன்னார்வமாக வந்திருந்த வழக்கறிஞர் கேட்டது, நான் பத்திரமாகக் கொண்டுபோன பதக்கச் சான்றிதழ்களை அல்ல. பணியில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாளையும், பணியிலிருந்து விடுவிக்கும்போது பரிசோதித்த மருத்துவக் குழுவின் அறிக்கையையும்தான். சேரும்போது நோய் எதுவும் பதிவாகாதிருந்தால், மாறாக நிரூபிக்கப்படாத வரை பின்னர் வந்த நோய் பணியின் விளைவென்றே கொள்ள வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதைச் சுட்டிக்காட்டி, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் அவர் மனுத் தாக்கல் செய்தார். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. ஆனால் நிலுவைத் தொகை, மனுவுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைத்தது. அதற்கு முன் நான் சும்மா கடத்திய ஆண்டுகளுக்கு ஒன்றுமில்லை.