உலகம் சுத்தும் டிக்கெட்ல ஏர்லைன் ஸ்டேட்டஸ் வாங்குறது எப்படி

ஸ்டேட்டஸ்னா நிறைய பறக்கறவங்களுக்கு ஏர்லைன் குடுக்கற தகுதி, லவுஞ்ச் மாதிரி சலுகை அதோட வரும். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ரூட் போடறதுக்கு முன்னாடி எந்த ஏர்லைனோட மெம்பர்ஷிப் புரோகிராம்ல கணக்கு வைக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. நிறைய பேர் டிக்கெட்ட வாங்கிட்டு அப்புறமா யோசிக்கிறாங்க, அதுல பாதி லாபம் போயிடும்.

ஒன்வேர்ல்ட்னு பல ஏர்லைன் சேந்த கூட்டணி, அதோட எக்ஸ்ப்ளோரர்ங்கற உலகம் சுத்தும் டிக்கெட்ட எடுத்துக்கலாம். இதுக்கு விலை தூரத்த வச்சு இல்ல, எத்தன கண்டம் தொடுறீங்க, எந்த கிளாஸ், எந்த நாட்டுல கிளம்புறீங்க, அவ்வளவுதான். மொத்தம் 16 பறப்பு வரைக்கும் போடலாம், ஒரு வருஷம் செல்லும், அட்லாண்டிக் பசிபிக் ரெண்டையும் ஒரே திசைல தாண்டணும், கிளம்பின நாட்டுலயே முடிக்கணும். ஒரு கண்டத்துக்குள்ள 4 பறப்பு, வட அமெரிக்கால மட்டும் 6. ஸ்டார் அலையன்ஸ்ங்கற இன்னொரு கூட்டணில கதை வேற, அங்க மைல் அளவ வச்சு விலை ஏறும், அதனால சுத்தி சுத்திப் போனா காசு கூடும். ஸ்டேட்டஸுக்குன்னா நான் ஒன்வேர்ல்டுதான் சொல்லுவேன்.

இப்போ கணக்கு. கொழும்புல கிளம்புறோம்னு வச்சுக்குங்க (ஸ்ரீலங்கன் 2014ல இருந்து ஒன்வேர்ல்ட்ல இருக்கு). கொழும்பு, தோஹா, லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், டோக்கியோ, திரும்ப கொழும்பு. 6 பறப்பு, சுமாரா 21,000 மைல். 10 பறப்பு சும்மா கெடக்கு! அதனால தோஹால இருந்து நேரா லண்டன் போகாம காசாபிளாங்கா வழியா போங்க, இவங்க கணக்குல மொராக்கோ, கத்தார் எல்லாம் ஐரோப்பா கண்டம்தான், புதுக் கண்டம் சேராது ஆனா 1,600 மைல் கிட்ட கூடும். நியூயார்க்ல இருந்து மயாமி போய் அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ். அப்புறம் ஒரு கண்டத்துக்கு மட்டும் கூடக் காசு குடுத்து ஆஸ்திரேலியாவ சேருங்க: லாஸ் ஏஞ்சலஸ் டு சிட்னி, சிட்னி டு பெர்த், திரும்ப சிட்னி, அங்கிருந்து டோக்கியோ. இப்போ 35,000 மைல் பக்கம் வந்துட்டோம். (டோக்கியோல ஹனெடால இறங்கி நரிட்டால ஏற வேண்டி வரலாம், நடுவுல நல்லா நேரம் விடுங்க.)

இத அமெரிக்கன் ஏர்லைன்ஸ் புரோகிராம்ல போட்டா? மைலுக்கு 125 சதவீதம்னு வச்சாலும் 44,000 பாயிண்ட் கிட்டதான் வரும், கோல்டுக்கு 40,000 வேணும், அந்த கோல்டு ஒன்வேர்ல்ட்ல வெறும் ரூபி (கூட்டணியோட அடிமட்ட நிலை), லவுஞ்ச் கிடையாது. இவ்வளவு பறந்து அதுக்கா? குவாண்டாஸ்ல ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியா ஸ்டேட்டஸ் கிரெடிட் (ஸ்டேட்டஸுக்கான பாயிண்ட்) குடுக்கறாங்க, அதனால சின்னப் பறப்புக்கும் மதிப்பு இருக்கு, பிசினஸ்ல இதே ரூட் கோல்டுக்கான 700ஐ தாண்டிடும். அது ஒன்வேர்ல்ட்ல சஃபையர் (ரூபிக்கு மேல் நிலை), பிசினஸ் லவுஞ்ச் உண்டு. ஆனா அவங்க பறப்பு 4 இருக்கணும்னு ஒரு கண்டிஷன், நம்ம ரூட்ல ஆஸ்திரேலியா பக்கம் இருக்கற 4ஐயும் குவாண்டாஸ்லயே போட்டா அதுவும் முடிஞ்சுது. கோல்டுக்கு மேல இருக்கற பிளாட்டினத்துக்கு 1,400, அதுக்கு மிச்சப் பறப்பையும் நிரப்பணும், அவங்க சைட்ல கால்குலேட்டர் இருக்கு, ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துக்குங்க.

பிசினஸ்னு ஏன் சொல்றேன்னா, இந்த டிக்கெட் எகானமில எல் கிளாஸ்ல (டிக்கெட் வகையக் குறிக்கற எழுத்து) புக் ஆகும், நிறைய புரோகிராம் அதுக்குக் கிள்ளித்தான் குடுக்கும். பிசினஸ் டி கிளாஸ்ல வரும், அதுக்கு எங்கயும் நல்ல மதிப்பு. எகானமில ஊர் சுத்தணும்னா தாராளமா சுத்துங்க, ஸ்டேட்டஸ நினைக்காதீங்க.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல்ல இருந்து செலவு பண்ற காசுக்குத்தான் பாயிண்ட்னு மாத்திட்டாங்க. ஆனா வேற ஏர்லைன் குடுத்த டிக்கெட்ல நீங்க என்ன காசு கட்டினீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதே, அதனால அதுக்கு தூரத்த வச்சுதான் போடறாங்க. டிக்கெட் நம்பரோட முதல் 3 இலக்கம் பாருங்க, 125னா பிரிட்டிஷ் ஏர்வேஸ், 081 குவாண்டாஸ், 603 ஸ்ரீலங்கன். யார் டிக்கெட் குடுக்கறாங்கன்றது அவ்வளவு முக்கியம்.

வருஷக் கணக்கும் பாருங்க. பறப்பு எல்லாம் ஒரே மெம்பர்ஷிப் வருஷத்துக்குள்ள விழணும், டிக்கெட் 12 மாசம் செல்லுதேன்னு ரெண்டு வருஷத்துல பிரிஞ்சா ரெண்டுலயும் ஒண்ணும் எட்டாது. வருஷ ஆரம்பத்துலயே எட்டிட்டா அந்த வருஷ மிச்சமும் அடுத்த வருஷமும் ஸ்டேட்டஸ் கையில இருக்கும்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரங்க அமெரிக்க விசா கையில இல்லாம இதுல இறங்காதீங்க, அங்க டிரான்சிட்டுக்கே விசா கேப்பாங்க. லண்டன்ல 24 மணி நேரத்துக்கு மேல தங்கினா பிசினஸ்ல புறப்பாட்டு வரி பலமா வரும், அதுக்குள்ள கிளம்பிட்டா இல்ல. நடுவுல ஒரு பறப்ப சொல்லாம விட்டீங்கன்னா மிச்சம் மொத்தமும் கேன்சல் ஆயிடும், தேதிய முன்னாடியே மாத்திக்குங்க.

போர்டிங் பாஸ் ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க. பார்ட்னர் (கூட்டணில இருக்கற வேற ஏர்லைன்) பறப்புல கிரெடிட் ஏறாம போறது சகஜம், கிளெய்ம் போட டிக்கெட் நம்பரும் அந்தத் துண்டுச் சீட்டும் கேப்பாங்க.