டின்னைத் திருப்பிப் பார்த்துட்டு காசைக் கொடுங்க

வேலூர் சத்துவாச்சாரியில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டின சர்வீஸ் ரோட்டில் பதினோரு வருஷமாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். பிரிட்ஜில் மேல்தட்டு முழுக்க எனர்ஜி டிரிங்க்தான். விற்கிறவளே குறை சொல்கிறாளே என்று சிரிக்கலாம், பரவாயில்லை.

ஒரு பிளஸ் டூ பரீட்சை சமயம். யூனிபார்மில் வந்த பையன் நின்ற வாக்கில் இரண்டு பாட்டில் குடித்தான். கொஞ்ச நேரத்தில், "அத்தை, இன்னாவோ மாதிரி கீது, நெஞ்சு அடிச்சிக்குது" என்று பெஞ்சில் உட்கார்ந்தான். கை நடுங்கியது. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, வயிறும் காலி. தண்ணீர் கொடுத்து, அவன் அம்மா வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான் விற்கிற பாட்டிலின் முதுகை நான் படித்தது அன்றைக்குத்தான்.

நீங்களும் படிக்கலாம், கஷ்டமில்லை. எழுத்துதான் எறும்பு சைஸ். செல்போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் மொத்தம் எத்தனை மில்லி என்று பாருங்கள். அட்டவணையில் 100 மில்லிக்குத்தான் கணக்கு போட்டிருப்பார்கள். ஏமாறுகிற இடமே அதுதான். 100 மில்லிக்குச் சர்க்கரை 11 கிராம் என்றால், 250 மில்லி டின்னில் இருபத்தேழரை கிராம். டீ ஸ்பூனில் தலைதட்டி அளந்தால் ஆறு ஸ்பூனுக்கு மேல். டீயில் இரண்டு ஸ்பூனுக்கு மேல் போட்டால் "அக்கா, பாயாசமா?" என்று கேட்கிறவர்கள் இதை மடமடவென்று குடிக்கிறார்கள். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் சேர்க்கும் சர்க்கரையை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லா கம்பெனியும் ஒரே அளவு போடுவதில்லை, அதனால்தான் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். சுகர் ஃப்ரீ என்றால் சர்க்கரைதான் இல்லை. காபியிலும் டீயிலும் இருந்து தூக்கத்தை விரட்டுகிற காஃபின் அப்படியே இருக்கும்.

அடுத்தது அந்தக் காஃபின். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு லிட்டரில் 145 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கலாம். 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்றால் 250 மில்லியில் 75 மில்லிகிராம். கிட்டத்தட்ட ஒரு டம்ளர் ஸ்ட்ராங் காபி. வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை தாங்கும் என்பார்கள், அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். காலையில் காபி, பதினோரு மணிக்கு டீ, மதியம் கோலா, சாயங்காலம் இது. கூட்டிப் பாருங்கள். சூடான காபியை ஊதி ஊதிக் குடிப்போம். சில்லென்று இருப்பது ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். அந்தக் காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்தவன் பதினோரு மணிக்குப் புரண்டு புரண்டு படுப்பது அதனால்தான்.

குழந்தைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் குடிக்க வேண்டாம், ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் கூடாது என்று டின்னிலேயே போட்டிருக்கும். பிரஷர், படபடப்பு, இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். குடித்தபின் நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ சோடா குடித்துப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. சரக்கில் கலக்கிறவர்களுக்கும் ஒன்று: போதை குறையாது, ஏறினது தெரியாது, அவ்வளவுதான்.

டாரின் என்கிற சத்து, பி வைட்டமின் என்று முன்பக்கம் பெரிசாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். டாரினை உடம்பே தயாரித்துக்கொள்ளும். கறியிலும் மீனிலும் இருக்கிறது. ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை டின்னில் தேடுவானேன்?

வெயிலில் சென்ட்ரிங் வேலை செய்துவிட்டு வருகிற தம்பிகள் தாகத்துக்கு இதைக் கேட்பார்கள். வேலூர் வெயிலுக்கு இது தப்பு. வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். கேழ்வரகு கூழில் மோர் விட்டு, உப்பு போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக் குடியுங்கள். எதிர்ச் சாரியில் ஒரு அம்மா விற்கிறார். எனக்கு வியாபாரம் போகிறது, போகட்டும். யூனிபார்மில் வருகிற பிள்ளைகளுக்கு இப்போது நான் கொடுப்பதே இல்லை. "வேற கடையில வாங்கிக்கிறேன்" என்று முறைத்துவிட்டுப் போகிறார்கள்.

தினமும் குடித்துப் பழகினவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் தலை பிளக்கும். ஒரு வாரம் பாதி, அடுத்த வாரம் அதில் பாதி என்று குறையுங்கள்.

ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களிடம் மட்டும் நான் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். ஆனால் காஃபின் வேலை செய்ய இருபது, முப்பது நிமிஷம் பிடிக்கும். குடித்தவுடன் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அந்த அரை மணியும் தூக்கத்தோடுதான் ஓட்டுகிறீர்கள். ஆம்பூரிலிருந்து ஷூ லோடு ஏற்றி வருகிற டிரைவர் ஒருத்தர் இப்போது காபி குடித்த கையோடு என் பெஞ்சில் சாய்ந்துவிடுகிறார். "அக்கா, இருபது நிமிஷத்துல எழுப்பிடு" என்பார். ஸ்பூனால் டம்ளரைத் தட்டி எழுப்புவேன்.