தலைக்காய வழக்கு: ஆஸ்பத்திரி ஃபைலும் வீட்டு நோட்டும்

நரம்பியல் வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தேன். இப்போது வக்கீல்களுக்காக விபத்து வழக்குகளின் மருத்துவக் காகிதங்களைப் படித்து, தேதிவாரியாகத் தொகுத்துக் கொடுக்கிறேன். கை உடைந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். யாரும் மறுக்க முடியாது. மூளைக் காயத்துக்கு அந்த வசதி இல்லை. ஃபைலில் எங்காவது 'ஸ்கேன் நார்மல்' என்று ஒரு வரி இருந்துவிட்டால், எதிர்த்தரப்பு கடைசிவரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

சி.டி. ஸ்கேன் எடுப்பது முக்கியமாக ரத்தக்கசிவு இருக்கிறதா, மண்டையோட்டில் விரிசல் விழுந்திருக்கிறதா, உடனே ஆபரேஷன் வேண்டுமா என்று பார்க்கத்தான். வேகமாகப் போன தலை சட்டென்று நிற்கும்போது மூளையின் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாவது அதில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் சில சமயம் தெரியும், சில சமயம் அதிலும் தெரியாது. அதனால் இந்த வழக்குகளை நிரூபிப்பது பெரும்பாலும் காகிதம்தான்.

முதலில் ஆஸ்பத்திரி ஃபைல். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் குறிப்பு, அவசரப் பிரிவுக் குறிப்பு, நர்ஸ் எழுதும் அவதானிப்புத் தாள், ஸ்கேன் படங்கள் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். கையில் வந்ததும் நான் தேடுவது கிளாஸ்கோ கோமா எண்ணை. அடிபட்டவரின் நினைவு எந்த அளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்க 1974இல் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு டாக்டர்கள் வெளியிட்ட அளவுகோல் இது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. குறைந்தபட்சம் 3. பதிமூன்றும் அதற்கு மேலும் 'லேசானது', 9 முதல் 12 வரை நடுத்தரம், 8ம் அதற்குக் கீழும் கடுமையானது.

ஒரு ஃபைலில் பார்த்தது: சம்மரியில் '15/15, நினைவு தப்பவில்லை' என்று இருந்தது. ஆம்புலன்ஸ் தாளிலோ கண் 3, பேச்சு 4, அசைவு 6. பேச்சு 4 என்றால் ஆள் பேசுகிறார், ஆனால் குழம்பிப் பேசுகிறார் என்று அர்த்தம். அந்த ஒரு வரி சம்மரியில் ஏறவே இல்லை. 'லேசானது' என்ற சொல்லும் அந்த நேரத்து நினைவு நிலையைத்தான் சொல்கிறது. ஆறு மாசம் கழித்து அவர் வேலைக்குப் போக முடியுமா என்பதை அது சொல்லாது.

இன்னொன்றையும் சீக்கிரமே கேட்டு எழுதி வையுங்கள்: விபத்துக்குப் பிறகு அவருக்கு முதலில் ஞாபகம் இருப்பது எது? அதற்கு அடுத்தது எது? நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். கண் திறந்து பேசியவர்களில் பலருக்கு அந்த மணி நேரங்கள், நாட்கள் எதுவும் நினைவில் பதிந்திருக்காது. அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்பது காயத்தின் கனத்தைக் காட்டும் நல்ல அடையாளம்.

வீட்டுக்கு வந்த பிறகு தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் சரியாக எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கம் பலமிழப்பது: இதில் ஏதாவது வந்தால் வக்கீலையும் வழக்கையும் மறந்துவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வாரக் கணக்கு கழித்துக்கூட ரத்தம் தேங்கியது தெரியவரலாம்.

இனி வீட்டு நோட்டு, அதாவது அடிபட்டவரிடம் தெரியும் மாற்றங்களை வீட்டார் எழுதி வைப்பது. 'மறதி அதிகம், கோபம் வருகிறது' என்று எழுதினால் பிரயோஜனமில்லை. ஒரு மனைவி எழுதியிருந்தது இப்படி: 'குழாயைத் திறந்துவிட்டு, பக்கெட் வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் போய் மூடினேன். ஏன் மூடவில்லை என்றதற்குப் பதில் இல்லை. முன்பு வீட்டில் ஒழுகும் குழாயெல்லாம் இவர்தான் சரிசெய்வார்.' தேதி, நடந்தது, பார்த்தவர், முன்பு எப்படி இருந்தார். இந்த நாலும் இருந்தால் போதும். நல்ல நாட்களையும் எழுதுங்கள். கெட்டதை மட்டும் எழுதிய நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள். வாசனை தெரிகிறதா என்றும் சோதித்துப் பாருங்கள். தலைக்காயத்தில் மோப்பம் போவது சகஜம், டாக்டர்கள் கேட்க மறந்துவிடுவதும் சகஜம். கேஸ் கசிந்தாலும் தெரியாத ஆளைத் தனியாக வீட்டில் விடுவது ஆபத்து.

நோட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அடிபட்டவருக்கே பல சமயம் தன் குறை தெரியாது. டாக்டரிடமும் சொல்வார், இன்சூரன்ஸ்காரர் போன் செய்தாலும் சொல்வார்: "எனக்கு ஒண்ணுமில்லைங்க, நல்லா இருக்கேன்." பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆகவே டாக்டரைப் பார்க்கக் கூடவே போங்கள். நீங்கள் கண்டதைச் சொல்லிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வக்கீலைப் பார்க்கும்வரை எதிர்த்தரப்பு இன்சூரன்ஸுக்குப் பதிவுசெய்யும் வாக்குமூலம் எதுவும் வேண்டாம்.

வக்கீலிடம் முதல் கேள்வி காலக்கெடு. நாட்டுக்கு நாடு அது மாறும். அரசுத் துறை மேல் வழக்கு என்றால் பல இடங்களில் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதற்கான கெடு இன்னும் குறுகியது. அடுத்து, மூளைக் காய வழக்கு நடத்திய அனுபவம் உண்டா, என் ஃபைலை நீங்களே பார்ப்பீர்களா, நிபுணர் செலவு யாருடையது, தோற்றால் யார் கட்டுவது என்று கேளுங்கள். ஜெயித்ததில் சதவீதம் வாங்கும் முறை சில நாடுகளில் உண்டு, சில நாடுகளில் தடை. கண்காணிப்பு கேமரா பதிவுகள் தானாக அழிந்துவிடும் என்பதால், அவற்றைப் பாதுகாக்கச் சொல்லி உடனே கடிதம் போகவேண்டும். நசுங்கிய வண்டியை ரிப்பேருக்கு விடாதீர்கள், கீறல் விழுந்த ஹெல்மெட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

நரம்பியல் உளவியல் பரிசோதனை என்று ஒன்று உண்டு. சில மணி நேரம் பிடிக்கும். கவனம், ஞாபகம், யோசிக்கும் வேகம் எல்லாம் அளப்பார்கள். ஸ்கேன் சொல்லாததை இது சொல்லும். வேண்டுமென்றே மோசமாகச் செய்பவரைக் கண்டுபிடிக்கும் சோதனைகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன, ஆகவே முழு முயற்சியோடு எழுதச் சொல்லுங்கள்.

குணமாவதில் அவசரம் கூடாது. லேசான காயத்துக்கு முதல் 1-2 நாள் ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வேலைகள். வாரக் கணக்கில் இருட்டறையில் படுத்துக் கிடப்பது உதவாது. ஒரு நேரத்தில் ஒரு வேலை, களைப்பு வருவதற்கு முன்பே இடைவேளை, போனில் அலாரம், மது அறவே வேண்டாம். வண்டி ஓட்டுவதற்கு டாக்டர் ஒப்புதல் கட்டாயம். 'தேறிவிட்டால் கேஸ் போய்விடும்' என்று சிகிச்சையை நிறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். விட்டுப்போன ஒவ்வொரு சிகிச்சை நாளும் எதிர்த்தரப்புக்குத்தான் லாபம். உடம்புக்கு நஷ்டம் வேறு.

கடுமையான காயத்தில் முதல் 6 மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும், 2 வருஷம் வரையும் அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரலாம். அதனால் சீக்கிரமே வரும் சமரசத் தொகை எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'முழுமையான இறுதித் தீர்வு' என்று எழுதியிருந்தால் பின்னால் வலிப்பு நோயே வந்தாலும் பொதுவாக மறுபடி கேட்க முடியாது. இடைக்காலத் தொகை கேட்க வழி இருக்கிறதா என்று வக்கீலிடம் விசாரியுங்கள். அடிபட்டவரால் முடிவெடுக்க முடியாத நிலை என்றால் அவர் சார்பில் கையெழுத்திட யாருக்கு அதிகாரம் என்பதை நீதிமன்றம் வழியாக முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

தொகை கணக்கிடும்போது மருத்துவச் செலவும் போன சம்பளமும் எல்லாருக்கும் ஞாபகம் வரும். வீட்டார் பார்த்துக்கொண்ட நேரம் மட்டும் விட்டுப்போகும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் அதையும் எழுதுங்கள்: மாத்திரை எடுத்துக் கொடுத்தது, குளிக்க வைத்தது, ராத்திரி விழித்திருந்தது, அதற்காக நீங்கள் லீவு போட்ட நாட்கள். பல நாடுகளில் அதற்கும் நஷ்டஈடு கேட்கலாம்.