பழைய கார் கதவைத் தட்டிப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள்

பழைய கார் பார்க்கப் போனதும் பலர் முதலில் செய்வது, கதவை விரல் முட்டியால் தட்டுவது. 'ணங்' என்றால் தகரம், 'தொப்' என்றால் கெட்டி. அடுத்து, கதவை ஒருமுறை சாத்தி அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டுவது. பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து மோதினால் அந்தக் கதவு உங்களைக் காப்பாற்றுமா என்பது இந்த இரண்டிலும் தெரியாது. வெளித்தகடு சின்னக் காரிலும் பெரிய காரிலும் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர்தான். அந்தத் 'தொப்', தகட்டின் உள்பக்கம் ஒட்டிய ஷீட்டிலிருந்தும் ரப்பர் பீடிங்கிலிருந்தும் வருவது. ஆக்சசரீஸ் கடையில் காசு கொடுத்தால் எந்தக் கதவுக்கும் அந்தச் சத்தத்தை ஏற்றித் தருவார்கள்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் கதவு லைனில் வேலை பார்த்தவன். இப்போது தெரிந்தவர்கள் கார் வாங்கும்போது கூடப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். கையில் ஒரு டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் போதும், இதில் பெரும்பகுதியை நீங்களே செய்துவிடலாம்.

எதைத் தேடுகிறோம் என்று முதலில் தெரிய வேண்டும். முன்னால் இடித்தால் நசுங்குவதற்கு பானெட்டில் அரை மீட்டருக்கு மேல் இடம் இருக்கிறது. பக்கத்தில் வெளித்தகட்டுக்கும் உங்கள் விலாவுக்கும் நடுவே இருப்பது ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். நசுங்கியே அடியை முடித்துக்கொள்ள அங்கே இடம் கிடையாது. அதனால் கதவை வடிவமைப்பவர்கள் வாங்கிய அடியைச் சுற்றியிருக்கும் சட்டத்துக்குக் கடத்திவிடத்தான் பார்ப்பார்கள். அதற்காகக் கதவுக்குள் குறுக்காகவோ சாய்வாகவோ ஓர் எஃகுக் குழாயோ அழுத்தி வார்த்த பட்டையோ ஓடும். லைனில் அதை 'பீம்' என்போம். பல கார்களில் அது போரான் கலந்த எஃகு. 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, குளிர்ந்த அச்சில் அழுத்தி, அச்சுக்குள்ளேயே சட்டென்று ஆறவைத்தது. 1500 மெகாபாஸ்கல் வரை தாங்கும். வெளித்தகட்டு எஃகு பக்கத்திலேயே வராது.

ஆனால் பீம் தனியாக நின்று எதையும் தடுக்காது. தூளியில் குழந்தையைத் துணி தாங்குவதாகத்தான் தெரியும், பாரம் முழுக்க உத்தரத்தில் இருக்கும். பீமும் அப்படித்தான். அடி விழுந்து உள்ளே வளைந்ததும் இரண்டு முனைகளையும் இழுக்கும். முன்முனை கீல் வழியாக முன் பில்லரை, அதாவது கூரையைத் தாங்கும் முன்பக்கத் தூணை, பிடித்துத் தொங்கும். பின்முனை லாக் வழியாக, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் நடு பில்லரைப் பிடிக்கும். கதவின் அடிப்பகுதி கீழே 'சில்' (கதவுக்கு அடியில் வாசற்படி மாதிரி ஓடும் சட்டம்) மீது போய் முட்டும். முனை விட்டுவிட்டால், நடுவில் எவ்வளவு கெட்டியான பீம் இருந்தும் பயனில்லை. நான் கதவின் நடுவை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்ப்பது இதனால்தான்.

வண்டியைத் தொடும் முன் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 2017 அக்டோபரிலிருந்து புதிதாக வந்த மாடல்களுக்கும், 2019 அக்டோபரிலிருந்து எல்லா மாடல்களுக்கும் இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 099 பக்கவாட்டு மோதல் சோதனை கட்டாயம். முகப்பில் அலுமினியத் தேன்கூடு பொருத்திய 950 கிலோ தள்ளுவண்டி, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காரின் பக்கத்தில் மோதும். உள்ளே இருக்கும் பொம்மையின் விலா 42 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கக் கூடாது. மோதும்போது எந்தக் கதவும் திறந்துகொள்ளக் கூடாது. மோதி முடிந்த பிறகு கருவி இல்லாமலே கதவைத் திறந்து ஆளை வெளியே எடுக்க முடிய வேண்டும். 2019க்கு முந்தைய பழைய மாடல் என்றால் இதில் எதற்கும் உத்தரவாதம் கிடையாது. விலை எவ்வளவு படிந்தாலும் நான் தயங்குவேன்.

இனி வேலை. நடு பில்லரிலிருந்து தொடங்குங்கள். முன்கதவைத் திறந்து, பில்லர் ஓரத்து ரப்பர் பீடிங்கை விரலால் மெதுவாக உருவுங்கள். கையோடு வரும், திரும்பவும் அழுத்தினால் உட்கார்ந்துவிடும். (விற்பவர் முகம் மாறும். "உடனே மாட்டிடறேங்க" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.) உள்ளே தகடுகள் சேரும் விளிம்பில் வட்டமான சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருக்கும், சட்டைப் பொத்தான் அளவுகூட இராது. அவைதான் ரோபோ போட்ட ஸ்பாட் வெல்டு. இடைவெளி ஓரளவு ஒரே சீராக இருக்கும், பெயிண்ட் குழிக்குள்ளும் இறங்கியிருக்கும். குழிகளுக்குப் பதில் கிரைண்டர் தேய்த்த வழவழப்போ, மேடாக உருண்ட வெல்டோ, விரல் பட்டதும் மாவாக உதிரும் பட்டியோ இருந்தால் அந்தப் பில்லர் வெட்டி ஒட்டியது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் நிழலில் பளிச்சென்று தெரியும். பிறகு எதிர்ப்பக்கப் பில்லரிலும் இதையே செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். நான்கு கதவுகளுக்கும் செய்தால் கால் மணி நேரம் ஆகும். மற்றது எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

பில்லரில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒரே பில்லரில் மேல்பாதியைக் கடினமாகவும் அடிப்பகுதியைக் கொஞ்சம் மென்மையாகவும் செய்கிற கார்கள் உண்டு. உள்ளே வந்துதான் ஆக வேண்டுமென்றால் இடுப்பு உயரத்தில் வரட்டும், விலாவுக்கும் தலைக்கும் நேராக வரக் கூடாது என்ற கணக்கு. இடுப்பெலும்பு வாங்குகிற அடியை விலா வாங்காது. பட்டறையில் கேஸ் வெல்டு பிடித்து ஒட்டிய பில்லரில் இந்தக் கணக்கு முழுக்கப் போய்விடும்.

அடுத்து கீல். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. கீல் போல்ட்டுகளில் ஸ்பானர் தடம் இருந்தாலே அடிபட்ட வண்டி என்று யூடியூபில் சொல்வார்கள். முழு உண்மை இல்லை. பெயிண்ட் முடிந்த பிறகு கதவைக் கழற்றி, தனி லைனில் சாமான் பூட்டித் திரும்ப மாட்டுகிற தொழிற்சாலைகள் உண்டு. நான்கு கதவிலும் ஒரே மாதிரித் தடம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு கதவில் மட்டும் என்றால் கேளுங்கள்.

லாக்கைச் சோதிக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். கதவு திறந்திருக்கும்போது, லாக்கின் வாயில் இருக்கும் நகத்தை, பில்லரில் இருக்கும் கொக்கி வந்து தள்ளுவதுபோல ஸ்க்ரூ டிரைவரால் தள்ளுங்கள். 'டக்' என்று ஒருமுறை நிற்கும், இன்னும் தள்ளினால் இன்னொரு 'டக்'. இரண்டும் தெளிவாகக் கேட்க வேண்டும். சர்வதேச விதியில் முழுதாகப் பூட்டிய லாக் நீளவாக்கில் 11,000 நியூட்டன், குறுக்குவாக்கில் 9,000 நியூட்டன் தாங்க வேண்டும். முதல் 'டக்'கோடு நின்றால் 4,500தான். கதவைச் சரியாகச் சாத்தாமல் ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்பது இந்த எண்ணிலேயே இருக்கிறது. சோதித்த பிறகு கைப்பிடியை இழுத்து நகத்தை விடுவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். மறந்து சாத்தினால் கொக்கி நகத்தில் மோதும்.

கதவுக்குள் பார்க்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரைக் கழற்றச் சொல்லுங்கள். அதற்கு டோர் பேடை (கதவின் உள்பக்க உறையை) எடுக்க வேண்டியிருக்கும், அதுவும் நல்லதுதான். டோர் பேடின் பின்னால் இடுப்பு உயரத்தில் ஃபோம் கட்டி ஒன்று ஒட்டியிருந்தால் அது சத்தம் குறைக்க வைத்தது இல்லை. கதவு உள்ளே வரும்போது இடுப்பை முதலில் தள்ளி உடம்பை நகர்த்த வைத்தது. கிளிப் உட்காரவில்லை என்று அதைப் பிய்த்து எறிந்த பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கர் ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் வெளித்தகட்டை ஒட்டிப் பீம் ஓடுவது தெரியும். அது நேராக இருக்கிறதா, வடிகால் ஓட்டை அடைத்துத் தண்ணீர் தேங்கி முனைகளில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கவாட்டு ஏர்பேக் உள்ள பல கார்களில் கதவுக்குள் காற்றழுத்த சென்சார் ஒன்று இருக்கும். வெளித்தகடு உள்ளே அமுங்கியதும் கதவுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறும், அதைப் பிடித்துத்தான் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஏர்பேக்கை விரிக்கச் சொல்லும். பெரிய ஸ்பீக்கருக்காக உள்தகட்டை வெட்டியிருந்தாலோ, உள்தகட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்து அப்படியே விட்டிருந்தாலோ காற்று வேறு வழியாகப் போகும், சென்சாருக்குக் கணக்குத் தப்பும். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள். சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று சின்னத் துணிச்சீட்டு தைத்திருந்தால் அந்தப் பக்கத்தை மூடித் தைக்கும் சீட் கவர் கூடாது. கவர் கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது சார்" என்பார். சீட்டின் பக்கத் தையல் பிரிந்துதான் ஏர்பேக் வெளியே வர வேண்டும்.

புதிய கார் வாங்குபவர் இந்தக் குடைச்சல் எதுவும் பட வேண்டாம். கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் அறிக்கையில் பக்கவாட்டுச் சோதனைக்கு 16க்கு எத்தனை என்றும், கம்ப மோதலில் தேறியதா என்றும் பாருங்கள். கம்பத்தை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தள்ளுவண்டியின் அகல முகப்பு கதவு, பில்லர், சில் எல்லாவற்றிலும் பரவி இடிக்கும். மரமோ மின்கம்பமோ ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டு தலைக்கு நேராக வரும். அங்கே தலையைக் காப்பது மேலிருந்து இறங்கும் கர்ட்டன் ஏர்பேக்தான்.

கடைசியாக, வாங்கிய பிறகு உங்கள் கதவே அடிவாங்கினால். வெளித்தகடு மட்டும் குழி விழுந்திருந்தால் டிங்கரிங் செய்யலாம், தவறில்லை. பீம் வளைந்திருந்தால் பட்டறையில் "அண்ணே, கேஸ் காட்டினா நேராயிடும்" என்பார்கள். நேராகத்தான் ஆகும். ஆனால் அச்சில் சட்டென ஆறியதால் வந்த பலம், சூடு காட்டியதும் இறங்கிவிடும். முழுக் கதவாக மாற்றச் சொல்லுங்கள். சென்னை புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் எடுக்கும் கதவு என்றால் அதே மாடல், அதே வேரியன்ட், அதே வருஷத்து அமைப்புதானா என்று உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள். வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கதவுகளில் ஒன்றில் சென்சாருக்கான இடமே இல்லாமல் இருக்கலாம். இன்சூரன்ஸ் கிளெய்ம் என்றால் எஸ்டிமேட்டில் 'டோர் அசெம்பிளி' என்று தனி வரியாக எழுத வையுங்கள். டோர் பேடைக் கழற்றி, வளைந்த பீமைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வேயர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை அந்தப் பழைய கதவு பட்டறையை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.